மூன்று கார்புரேட்டர், ஒரு திருப்புளி

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைப்பதில்லை. எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு கிறீச்சிட்டு மேலே ஏறும். ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு மூன்று தடவை இழுக்கும். ஒரு தும்மல், இன்னொரு தும்மல். அப்புறம் எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிப் பேச ஆரம்பிக்கும். ஜிடிஓ எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

1966 போண்டியாக் ஜிடிஓ. 389 கன அங்குல வி8 இன்ஜின். லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 6.4. எங்கள் காரில் இருப்பது இரண்டு லிட்டர் இன்ஜின், அதில்தான் நாங்கள் நாலு பேரும் மளிகைச் சாமானும் போய்வருகிறோம். பக்கத்து வீட்டுக்காரருடைய வண்டியில் பெரும்பாலும் அவர் ஒருத்தர்தான்.

இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காரணம் என் பிழைப்பு. கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் என்விஹெச் இன்ஜினியர். சத்தம், அதிர்வு, கரடுமுரடு, இந்த மூன்றையும் வண்டியிலிருந்து துரத்துவதற்குத்தான் சம்பளம். சுவரெல்லாம் கூம்பு கூம்பாக ஸ்பாஞ்சு பதித்த அறையில் காரை நிறுத்தி, ஓட்டுகிறவரின் காது வரும் இடத்தில் மைக் வைத்து, இந்தக் கிர்ர் எங்கிருந்து வருகிறது, அந்த ஊய்ங் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து ஒழிப்போம். வாரத்தில் ஐந்து நாள் ஒரு டெசிபலுக்காக மல்லுக்கட்டிவிட்டு ஆறாம் நாள் இப்படிக் கண்விழித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். திட்டிக்கொண்டே சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது நாமக்கல்லில், அப்பாவின் லாரிப் பட்டறைக்குப் பின்பக்கம். அப்பா இன்ஜினைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்ப்பார். நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. "இது பேரிங்", "இது வாட்டர் பம்ப்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வரும். நான் படித்துவிட்டு வந்து செய்வதும் அதே வேலைதான். திருப்புளிக்குப் பதில் மைக், எலும்புக்குப் பதில் கம்ப்யூட்டர்.

ஒரு சனிக்கிழமை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்துவைத்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை, பெட்ரோலோடு காற்றைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். காற்று உள்ளே போகும் சீறலைக் கேட்டுக் கேட்டு, ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினார். எனக்கு நாமக்கல் டீசல் வாசனையே வந்துவிட்டது. வேலியைச் சுற்றிக்கொண்டு போய், "நான் ஒரு தடவை கேட்கலாமா?" என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் குழாயை நீட்டினார்.

இந்த ஜிடிஓவில் கார்புரேட்டர் ஒன்றில்லை, மூன்று. டிரை-பவர் என்று பெயர். சாதாரணமாகப் போகும்போது நடுவில் இருப்பது மட்டும்தான் இன்ஜினுக்குப் பால் கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை ஒரு அளவுக்கு மேல் மிதித்தால் முன்னும் பின்னும் இருப்பவையும் வாயைத் திறக்கும். 360 குதிரைத்திறன் என்று அன்றைக்கு விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்துக் கணக்கு கொஞ்சம் தாராளமானது. இன்ஜினைத் தனியாகக் கழற்றி, விசிறி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் ஓட்டி எடுத்த எண் அது. எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு 1972 மாடல்களில்தான் மாறினார்கள். ஒரே வருஷத்தில் அமெரிக்கக் குதிரைகள் பாதி செத்த மாதிரி பட்டியல் இளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது, தொழில் புத்தி. எட்டு சிலிண்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வி8 ஒழுங்கான பிள்ளை. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் 90 டிகிரி சுற்றுவதற்கு ஒரு வெடி, தவறாமல். ஆனால் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படைச் சிலிண்டர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக்குழாய். இப்போது ஒரு குழாயை மட்டும் கேளுங்கள்: வெடிகளுக்கு நடுவே இடைவெளி 270, 180, 90, 180 டிகிரி. நீளம், நடுத்தரம், குட்டை, நடுத்தரம். அடுத்த குழாயில் அதே கோலம், வேறு இடத்தில் ஆரம்பித்து. அதாவது ஒழுங்காக ஓடும் ஒரு இன்ஜின், வாசலில் மட்டும் தாளத்தை நொண்டவிட்டு வாசிக்கிறது. ஃபெராரியின் வி8 இன்ஜின்களில் கிராங்க் அமைப்பு வேறு. அதில் ஒவ்வொரு பக்கமும் 180 டிகிரிக்கு ஒன்றாகச் சீராக வெடிக்கும். அதனால் அது ஊளையிடும், இது உறுமும். என் மகளுக்கு இதை விளக்கியபோது அவள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் கை பின்னிக்கொண்டு சிரித்துவிட்டாள். கை பின்னிக்கொள்ளும் அந்த இடம்தான் நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது என்று நினைக்கிறேன். சீரான சத்தத்தை மூளை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும், மின்விசிறிச் சத்தத்தை மறப்பது போல. நொண்டும் தாளத்தை மறக்க முடியாது.

அந்த ஆகஸ்டில் அவர் என்னை உட்காரவைத்து உட்வர்ட் அவென்யூவுக்கு அழைத்துப்போனார். எங்கள் வீடு இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே பெர்க்லியில், உட்வர்ட் நடக்கிற தூரம். அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்ட நெடுஞ்சாலை இதுதான், 1909ல், இன்றைய டெட்ராய்ட்டுக்குள். 1960களில் இதே சாலையில்தான் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடக்கும். கார் கம்பெனிகளின் இன்ஜினியர்களே பகலில் செய்ததை இரவில் இங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பார்களாம். 1995லிருந்து ஆகஸ்டில் மூன்றாவது சனிக்கிழமை டிரீம் குரூஸ். ஃபெர்ன்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்த கூத்து. இன்றைக்கு ஃபெர்ன்டேலிலிருந்து போண்டியாக் ஊர் வரைக்கும் சாலை முழுக்கப் பழைய கார்கள் ஆமையாய் ஊர்கின்றன. ரெண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு ஜனங்கள், தேர் பார்க்க உட்கார்ந்த மாதிரி. காற்றில் எரியாத பெட்ரோல் வாசனை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1975 மாடல்களில்தான் பரவலாக வந்தது. இந்த வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை.

திரும்பி வரும்போது நெரிசல் இல்லாத ஒரு இடத்தில் அவர் இரண்டாவது கியரில் ஒரே மிதி மிதித்தார். மூன்று கார்புரேட்டரும் திறந்த கணம் பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததே, அது என் அளவைகளில் எதிலும் இல்லாத ஒன்று. பிடித்துக்கொள்ள எதையாவது தேடினேன். இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட்.

இந்தக் காரின் பிறப்பே ஒரு திருட்டுத்தனம். ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் 1963ல் தன் பிரிவுகள் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்றும் விதி இருந்தது. அதில் ஒரு பிரிவான போண்டியாக்கின் தலைமை இன்ஜினியராக இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காருக்கான 389 இன்ஜின் சின்னக் காரில் அப்படியே உட்காரும் என்று கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால் மேலே கேட்க வேண்டும். ஏற்கனவே விற்கும் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு முன்னூறு டாலருக்குள் ஒரு 'ஆப்ஷன்' என்றால் கேட்க வேண்டாம். அவ்வளவுதான் வித்தை. ஜிடிஓ என்ற பெயரைக்கூட ஃபெராரியிடமிருந்து கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று 1964ல் இறக்கியது, 32,450 விற்றது. 1966ல் தனி மாடலாகி 96,946. அந்தத் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுதான் என் டம்ளர்களை ஆட்டுவது.

இன்னொரு கூத்தும் உண்டு. 1964ல் ஒரு கார் இதழ் சோதனை ஓட்டம் செய்து, இந்த ஜிடிஓ இத்தனை வேகம் என்று வியந்து எழுதியது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார்: சோதனைக்குக் கொடுத்த வண்டியில் இருந்தது 389 இல்லை, 421 கன அங்குல இன்ஜின். இதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது கண்ணில் அப்படி ஒரு பெருமை, ஏதோ அவரே மாற்றி வைத்த மாதிரி.

அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. 1966ல் பத்தொன்பது. பள்ளிக்கூடம் முடித்து நேராகப் போண்டியாக் ஊர் ஆலையில் சேர்ந்து, தவணையில் ஒரு ஜிடிஓ வாங்கினார். ஆலைக்குப் போகிற பையன் மாதச் சம்பளத்தில் அந்தக் காலத்தின் வேகமான கார்களில் ஒன்றை வாங்க முடிந்தது என்பதை இன்றைக்கு என் மகனிடம் சொன்னால் நம்பமாட்டான். இந்த ரகக் கார்களின் சூத்திரமே அதுதான்: சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், எட்டுகிற விலை. 1968ல் பிளிமத் ரோட் ரன்னர் வந்தபோது தரைவிரிப்பைக்கூட மிச்சம் பிடித்து மூவாயிரம் டாலருக்குள் கொடுத்தார்கள். ஆனால் கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் மட்டும் 50,000 டாலர் கொடுத்தார்களாம். ஹாரன் அந்தப் பறவை மாதிரியே கத்தும்.

1968ல் அவருக்கு வியட்நாமுக்கு அழைப்பு வந்தது. தவணை கட்ட ஆளில்லை என்று அவர் அப்பா வண்டியை விற்றுவிட்டார். இப்போது கராஜில் நிற்பது அது இல்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடிப் பிடித்த வேறொன்று. நிறம் மட்டும் அதே நிறம். பழையதன் சேஸிஸ் எண்ணை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். விற்பனை விளம்பரங்களில் அந்த எண் வருகிறதா என்று பார்ப்பதை இன்னும் விடவில்லை.

சரி, உருகியது போதும். வண்டியாகப் பார்த்தால் அது ஆபத்தான சாமான். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், 1967ல்தான் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கேட்டு வாங்க முடிந்தது. பிரேக் ஆயிலுக்கு ஒரே சிலிண்டர், ஒரே சுற்று. எங்கேயாவது ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் அடுத்த வருஷ மாடலில்தான் வந்தது. இதில் அந்தத் தண்டு ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேராக நீட்டிய ஈட்டி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "லாரிக்கே பிரேக்கு இதவிட நல்லா இருக்குமே கண்ணு" என்றார். நேர்கோட்டு வேகத்திலும் இன்றைய ஒரு வி6 குடும்பக் கார் இதற்குச் சளைக்காது, ஏசியைப் போட்டுக்கொண்டே கூட வரும்.

டிரீம் குரூஸ் பற்றி மனசில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உட்வர்ட் டெட்ராய்ட்டின் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. குரூஸ் தொடங்குவதோ எட்டாம் மைல் சாலைக்கு வடக்கே, அதாவது நகர எல்லை முடிந்த பிறகு. 1967 ஜூலையில் இனக் கலவரத்தில் டெட்ராய்ட் எரிந்தபோது 43 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் ஆலையில், வேலையின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. அதிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஓர் இயக்கம் கட்டினார்கள். டாட்ஜ் சேலஞ்சர், பிளிமத் பாரகுடா கார்களும் பின்னால் அதே ஆலையில் கூடித்தான் வெளியே வந்தன, ஊதாவும் மாம்பழ மஞ்சளும் எலுமிச்சைப் பச்சையுமாக. மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பொற்காலம் என்று பேசுபவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம் அடிபடுவதில்லை. பட்டறைக்காரர் மகளுக்கு நட்டை முடுக்கியது யார் கை என்று பார்க்கும் புத்தி போகாது.

இந்த ஆட்டம் ரொம்ப நாள் நீடிக்கவும் இல்லை. இளவட்டங்களுக்கு இன்சூரன்ஸ் தொகையைத் தாறுமாறாக ஏற்றினார்கள். 1970ல் காற்று மாசுச் சட்டம் கடுமையானது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் கம்ப்ரஷனைக் குறைத்தது, இன்ஜினின் பலமும் குறைந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974ல் ஜிடிஓ சின்னதொரு காரின் ஆப்ஷனாகச் சுருங்கி, 7,058 விற்று முடிந்தது. ஆப்ஷனாகப் பிறந்தது ஆப்ஷனாகவே போனது. பத்தே வருஷம்.

மிச்சம் இருப்பவற்றில் அபூர்வமானவை ஏலத்தில் சுற்றுகின்றன. ஹெமி என்ற பெரிய இன்ஜின் வைத்து, கூரை மடங்கும் 1971 பிளிமத் குடா மொத்தமே 11 வண்டிதான் செய்தார்கள். அதில் ஒன்று 2014ல் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வண்டியை யாராவது மழையில் ஓட்டுவார்களா, சொல்லுங்கள். எனக்கு அதில் ருசி இல்லை. ஓடாத வண்டியின் சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

2023 டிசம்பரில் டாட்ஜ் சேலஞ்சரும் செவ்ரலே கமாரோவும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. ஃபோர்டின் வி8 மஸ்டாங் மட்டும் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஃபிளாட் ராக்கில் இன்னும் தயாராகிறது. டாட்ஜ் சார்ஜர் டேடோனா மின்சார வண்டியாக வந்திருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் வைத்து உறுமலை உண்டாக்கி வெளியே விடுகிறார்கள். நான் சிரிக்க முடியாது. எங்கள் அலுவலகத்திலேயே ஒரு வருஷம், அமைதியாகிவிட்ட ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினுக்குக் கார் ஸ்பீக்கர் வழியாகக் கம்பீரம் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் சத்தத்தை ஒழிக்கச் சம்பளம், பிறகு அதைத் திருப்பி வைக்கச் சம்பளம். அந்த வேலைக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரிச் சத்தம் தேவைப்பட்டது. எங்கே போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மைக்கும் ஸ்டாண்டுமாகப் பக்கத்து வீட்டுக் கராஜில்தான் போய் நின்றேன்.

போன வசந்த காலத்தில் ஜிடிஓவில் ஒரு டிக் டிக் சேர்ந்தது. தாளத்துக்கு மேலே சின்னதாக, தையல் மிஷின் மாதிரி. அவர் முகம் வாடிவிட்டது. இன்ஜினுக்குள் வால்வைத் தூக்கும் லிஃப்டர் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான் என்றார். எங்களுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது என்றால் நாமக்கல்லில் மாலை ஆறரை. அப்பா பட்டறையை மூடிவிட்டு டீ குடிக்கும் நேரம். வீடியோவில் கூப்பிட்டு போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன்.

"ஒண்ணும் கேக்கலையே கண்ணு. வண்டி ஓடுதா?"

அப்போதுதான் உறைத்தது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று போன் சலித்து எடுத்துவிடுகிறது. 6.4 லிட்டர் வி8ஐ முழுசாக விழுங்கிவிட்டு என் குரலை மட்டும் அனுப்புகிறது. எங்கள் ஆட்கள் செய்த வேலைதான், வேறு யாரைச் சொல்ல. வீட்டுக்கு ஓடி அலுவலக மைக்கை எடுத்துவந்தேன். இன்ஜின் அதற்குள் சூடாகியிருந்தது, டிக் டிக் அடங்கிவிட்டது. மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் பதிவு செய்து ஃபைலாக அனுப்பினேன்.

அப்பா ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்கிறார், என் தம்பி மகனுடைய ஹெட்போன். பதில் குரல் செய்தியாக வந்தது. "லிஃப்டர் கிஃப்டர் ஒண்ணும் இல்ல. மேனிஃபோல்டு பேக்கிங் ஊதுது. பச்சைல ஊதும், சூடானா இரும்பு விரிஞ்சு அடைச்சுக்கும். பின்பக்கம் சிலிண்டர்கிட்டப் பாக்கச் சொல்லு, கரி படிஞ்சிருக்கும்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நம்பாமல்தான் டார்ச்சை எடுத்தார். இடப்பக்கம் கடைசிச் சிலிண்டருக்குப் பக்கத்தில், புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் மை தீட்டியது போலக் கரிக்கோடு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் போனை வாங்கி அந்தக் குரல் செய்தியை இன்னொரு தடவை ஓடவிட்டார். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் முழுசாகக் கேட்டார்.

பேக்கிங் மாற்றியதும் அப்பாவை மறுபடி கூப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டு, கூலி எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வண்டியைச் சுற்றிக் காட்டச் சொல்லி, பெயிண்ட்டையும் டயரையும் கதவு இடுக்கையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியும், கடைசியில் அதைத்தான் கேட்பார், கேட்டார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

காலனுக்குப் பத்து மைல், அதுவும் காற்று பின்னாலிருந்து அடித்தால் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனசுக்குள் கணக்குப் போட்டு, நாலு கிலோமீட்டர் சொச்சம் என்றேன்.

"நம்ம பன்னெண்டு சக்கர வண்டி லோடோட அதான் கண்ணு குடுக்குது" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுல இருவது டன்னு ஏத்தலாம். இதுல என்ன ஏத்தறாங்க?"

இதை மட்டும் இன்னும் நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.